தண்ணீர் ஊற்றினால் 'டப்' என்று சத்தம்: தொட்டியில் தானாக முளைத்த அந்தச் செடி எது?

ரோஜாத் தொட்டியில் நீங்கள் வைக்காத ஒரு செடி முளைத்து, இப்போது ஒன்றரை அடிக்கு வளர்ந்து நிற்கிறது. படம் எடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டு, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஊதா நிறப் பூ, புனல் வடிவம், விளிம்பில் ஐந்து மடல். காலையில் மலர்கிறது, மதியத்துக்குள் முழுப் பூவாகவே கீழே விழுந்துவிடுகிறது. லேசான மணம் உண்டு. இலைகள் இரண்டிரண்டாக, ஓரம் அலை அலையாக. ஒருநாள் பிடுங்கப் போய்த் தண்டு மட்டும் கையோடு வந்துவிட்டது. மண்ணைக் கிளறியபோது அடியில் வெள்ளையாக, விரல் விரலாக ஏதோ தெரிந்தது. கொஞ்ச நாளில் செடி மறுபடி துளிர்த்துவிட்டது. பூவே பார்க்காத கிளையிலும் காய் இருக்கிறது. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் தொட்டிப் பக்கம் டப் டப் என்று சத்தம் வருகிறது, பூச்சியாக இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூச்சி இல்லை, செடிதான். சம்பந்தமில்லாதது என்று நினைத்துக் கடைசியில் போட்ட அந்த வரிதான் எனக்கு முதல் வரி.

அது பட்டாசுக்காய்ச் செடியாக இருக்க வேண்டும். கிரந்திநாயகம் என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் ரூயெல்லியா டியூபரோசா. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் இது. ரூயெல்லியா என்பது 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ழான் ரூயல் என்ற பிரெஞ்சு மருத்துவரின் நினைவாக வந்தது. அவர் தாவரவியலாளரும்கூட. டியூபரோசா என்றால் கிழங்குள்ளது என்று பொருள். நீங்கள் மண்ணைக் கிளறிப் பார்த்த அந்த வெள்ளை விரல்கள் செடியின் பெயரிலேயே இருக்கின்றன. இதன் சொந்த ஊர் நடு அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும். அங்கிருந்து கிளம்பி இன்று வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்டது. பூவின் அழகுக்காகச் சில இடங்களுக்கு மனிதர்களே கொண்டுபோனார்கள், மற்றதைக் காய் பார்த்துக்கொண்டது.

ஒரு செடியைப் பார்க்காமல் எப்படி இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். வழக்கமாக நானே சொல்ல மாட்டேன். 'ஊதாப் பூ, பச்சை இலை, சின்னச் செடி' என்று வரும் கேள்விகளுக்கு நேர்மையான பதில், ஆயிரம் செடிகளில் ஏதாவது ஒன்று என்பதுதான். நிறம் சரியான பொய்யன். ஒருவர் ஊதா என்பதை இன்னொருவர் நீலம் என்பார், மூன்றாமவர் கத்தரிப்பூ நிறம் என்பார். மூவரும் ஒரே பூவைத்தான் பார்த்திருப்பார்கள். போதாக்குறைக்கு, ஒரே இனத்திலேயே வெள்ளையும் இளஞ்சிவப்பும் பூக்கும். உயரமும் அப்படித்தான், தொட்டியில் ஒன்றரை அடி இருப்பது நல்ல மண்ணில் இரண்டரை அடி போகும். ஆனால் செடியின் நடத்தை அவ்வளவு சுலபமாக மாறாது. எப்போது மலர்கிறது, எப்படி உதிர்கிறது, ஒடித்தால் என்ன வருகிறது, காய் எப்படித் திறக்கிறது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வருவது. உங்கள் கடிதத்தில் நடத்தை நிறைய இருந்தது. அதனால்தான் வேலை சுலபமானது.

முதலில் அந்தச் சத்தம். காய் வெடித்து விதை தெறிக்கும் செடிகள் நிறைய உண்டு, ஆனால் வெடிக்கும் முறை இரண்டு வகை. காசித்தும்பைக் காய் பச்சையாக, சதைப்பிடிப்பாக இருக்கும்போதே வெடிக்கும். அதன் சுவரில் உள்ள செல்களில் தண்ணீர் நிறைந்து விறைத்துக்கொண்டு நிற்கும், விரல் பட்டதும் சுருண்டு பிளக்கும். அதற்குத் தேவை தொடுகை. இன்னொரு வகையில் காய் நன்றாகக் காய்ந்துபோயிருக்கும். காயும்போது சுவரின் உள் அடுக்கும் வெளி அடுக்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் இரண்டு ஓடுகளும் வெளிப்பக்கமாக வளையப் பார்க்கின்றன, நடுவில் உள்ள ஒட்டு விடுவதில்லை. இழுத்துக் கட்டிய வில் மாதிரி அப்படியே நிற்கும். இந்த வகையிலும் பல செடிகள் வெயிலில் காய்ந்து காய்ந்து தாங்க முடியாமல்தான் வெடிக்கின்றன. உங்கள் செடி அதற்கு நேர்மாறு. காய்ந்த காயின் நுனியில் ஈரம் பட்டால் அந்த ஒட்டு இளகுகிறது, அடக்கி வைத்த விசை ஒரே கணத்தில் விடுபடுகிறது. தண்ணீர் ஊற்றியதும் இல்லாமல் 'கொஞ்ச நேரத்தில்' சத்தம் வருகிறது என்று எழுதினீர்களே, அந்தத் தாமதம்தான் ஒட்டு ஊறும் நேரம். இந்த ஒரு குறிப்பு போதும், காசித்தும்பையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

இந்த வெடிப்பில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. காய்க்குள் ஒவ்வொரு விதைக்கும் அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். ஓடு பிளக்கும்போது அந்தக் கொக்கிதான் விதையை நெம்பி எறிகிறது. கொக்கி வைத்த காய் அகாந்தேசியே என்ற குடும்பத்தின் கையெழுத்து. கனகாம்பரம், ஆடாதோடை, நிலவேம்பு, டிசம்பர் பூ எல்லாம் இந்தக் குடும்பம்தான். ரூயெல்லியாவின் விதை தட்டையாக, வட்டத் தகடு மாதிரி இருக்கும். இதன் நெருங்கிய உறவான ரூயெல்லியா சிலியாட்டிஃப்ளோரா என்ற செடியை அதிவேகக் கேமராவில் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். அதன் விதைகள் நொடிக்கு 1,600 சுற்றுக்கும் மேலான வேகத்தில் பின்பக்கமாகச் சுழன்றபடி பறக்கின்றன. அந்தச் சுழற்சியால் தகடு தள்ளாடாமல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. 7 மீட்டர் வரை போய் விழுகிறது. சில மில்லிமீட்டர் அகலமுள்ள விதைக்கு 7 மீட்டர்! இனி உங்கள் மற்ற தொட்டிகளையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

விழுந்த பிறகும் கதை முடிவதில்லை. விதையின் விளிம்பில் நுண்ணிய மயிர்கள் படிந்து கிடக்கும். நனைந்ததும் அவை எழுந்து வழவழவென்று பசையாகி, விதையை மண்ணோடு ஒட்டிவிடும். ஈரம் இருக்கும்போது மட்டும் வெடிப்பது, விழுந்த இடத்தில் அதே ஈரத்தைப் பிடித்துக்கொண்டு முளைப்பது என்று ஒரே கணக்கில் இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளும் செடி இது.

சரி, கனகாம்பரத்தின் காய்ந்த காயும் ஈரத்தில் வெடிக்குமே, அது ஏன் இல்லை? பூவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது கதிராக, அடுக்கடுக்கான பச்சைச் செதில்களுக்கு நடுவிலிருந்து பூக்கும், நிறமும் பெரும்பாலும் ஆரஞ்சு. புனல் வடிவமும் கிடையாது. டிசம்பர் பூ நிறத்தில் உங்கள் செடியோடு போட்டி போடும், ஆனால் அது புதர். தண்டு சீக்கிரம் கட்டை தட்டிவிடும், பூவுக்கு அடியில் ரம்பப் பல் வைத்த பச்சை இதழ்கள் பெரிதாகத் தெரியும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. பார்த்திருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உதிர்ந்த பூக்கள் முழுசாகக் கிடக்கின்றன என்றீர்களே, அதுவும் சின்ன விஷயமில்லை. இதழ் இதழாக உதிர்ந்தால் அவை தனித்தனி இதழ்கள். புனலாகவே கழன்று விழுந்தால் இதழ்கள் அடியில் ஒன்றாக இணைந்தவை. நாம் 'ஐந்து இதழ்' என்று எண்ணியது உண்மையில் ஒரே குழாயின் ஐந்து மடல்கள். இது ஒன்றே பாதிச் செடிகளை விலக்கிவிடுகிறது. மீதியில் பெட்டூனியா ஒரு சந்தேகம். பலரும் ரூயெல்லியாவைப் பார்த்துப் பெட்டூனியா என்றுதான் நினைப்பார்கள், ஆங்கிலத்தில் இதற்குக் காட்டுப் பெட்டூனியா என்றே ஒரு பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் உறவு இல்லை. பெட்டூனியா கத்தரிக்காயின் குடும்பம். அதன் இலையையும் தண்டையும் தொட்டால் பிசுபிசுக்கும், பூ ஒரே காலையோடு முடிந்துவிடாது, காய்க்குள் இருப்பது தூசி மாதிரி விதை. முக்கியமாக, அதன் அடியில் கிழங்கு கிடையாது.

கிழங்கு என்றால் அந்திமந்தாரைக்கும் உண்டு. புனல் பூ, எதிரெதிர் இலை, வெட்டினாலும் துளிர்க்கும் பிடிவாதம் எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் அது பேருக்கு ஏற்றபடி அந்தியில் மலரும். நீங்கள் காலை என்கிறீர்கள். தவிர, அதில் ஒரு பூவுக்கு ஒரே விதைதான், மிளகு மாதிரி கறுப்பாக உட்கார்ந்திருக்கும். வெடிக்க அங்கே எதுவும் இல்லை. காலையில் மலர்ந்து வாடும் புனல் பூ என்றதும் சிலருக்கு மார்னிங் குளோரி ஞாபகம் வரும். அது சுற்றிப் படரும் கொடி, இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். பேச்சே இல்லை.

உண்மையில் நான் யோசித்தது இதே ரூயெல்லியா பேரினத்தின் இன்னொரு செடியைப் பற்றித்தான். ரூயெல்லியா சிம்ப்ளெக்ஸ். மெக்சிகன் பெட்டூனியா என்ற பெயரில் நாற்றுப் பண்ணைகளில் விற்பார்கள். பழைய புத்தகங்களில் ரூயெல்லியா பிரிட்டோனியானா என்று இருக்கும். பூ கிட்டத்தட்ட அச்சு அசல். ஒரே நாள் ஆயுள், அதே புனல், அதே ஊதா, காயும் அதே மாதிரி வெடிக்கும். பூவை மட்டும் வைத்துப் பார்த்தால் நானே ஏமாந்துவிடுவேன். வித்தியாசம் இலையிலும் வேரிலும். சிம்ப்ளெக்ஸின் இலை நீளமாக, ஒடுக்கமாக, ஈட்டி மாதிரி இருக்கும். தண்டும் பல சமயம் கருஞ்சிவப்பு ஓடி நிமிர்ந்து நிற்கும், மூன்றடிக்கு மேலும் போகும். அடியில் மண்ணுக்குள் ஓடும் தண்டு உண்டு, விரல் கிழங்குகள் இல்லை. டியூபரோசாவின் இலை நடுவில் அகலமாக, நுனி மழுங்கி, அடிப்பக்கம் காம்பை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும், ஓரம் அலையும். நீங்கள் சொன்ன அலை ஓரமும், பிடுங்கியபோது தெரிந்த வெள்ளை விரல்களும் தராசை இந்தப் பக்கம் சாய்த்துவிட்டன. ஆனாலும் இலையின் அகலத்தை நீங்கள் எழுதவில்லை, அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு விரல் அகலம்கூட இல்லாமல் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தால் என் பதில் தவறு.

பூவே வராத கிளையில் காய் எப்படி வந்தது என்பதற்கும் விடை உண்டு. இந்தச் செடி இரண்டு விதமாகப் பூக்கும். ஒன்று, நீங்கள் பார்க்கும் ஊதாப் பூ. மற்றொன்று திறக்கவே திறக்காது. சின்ன மொட்டாகவே இருந்து, உள்ளுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் தானே கருவுற்று நேராகக் காயாகிவிடும். தண்ணீர் குறைந்த காலத்திலோ தேனீ வராத இடத்திலோ விதைக்குப் பஞ்சம் வராமல் இருக்க இது ஒரு மாற்று வழி. நீங்கள் பூவைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை, கவனிக்க அங்கே பூவே இல்லை.

ஒத்துவராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மணம். ரூயெல்லியா டியூபரோசாவின் பூவில் குறிப்பிட்டுச் சொல்லும்படி மணம் கிடையாது. உங்கள் செடி ரோஜாத் தொட்டியில் இருப்பதால், நீங்கள் நுகர்ந்தது பக்கத்து வீட்டுக்காரியின் மணமாக இருக்கலாம். ஒரு பூவைப் பறித்து, தள்ளிப்போய், தனியாக முகர்ந்து பாருங்கள். பத்துக் குறிப்பில் ஒன்பது பொருந்தி ஒன்று இடித்தால், இடிப்பதைத் தூக்கி எறிவது சுலபம். நான் அதைச் செய்வதில்லை, ஒருமுறை பட்டிருக்கிறேன். 'சின்னச் சின்ன இலை, எதிரெதிராக வரிசையாக' என்று ஒருவர் எழுதியதை நம்பி, இரண்டு நாள் எதிரெதிர் இலையுள்ள புதர்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். தண்டில் அவ்வளவு ஒழுங்காக வரிசை கட்டி இலைகள் நிற்பது கொஞ்சம் இடித்தது, கண்டுகொள்ளவில்லை. கடைசியில் பார்த்தால் அவர் இலை என்று நினைத்தது சிற்றிலை. ஒரு கூட்டிலையில், அதாவது பல துண்டுகளாகப் பிரிந்த ஒரே இலையில், இருந்த இருபது சிற்றிலைகளை இருபது இலைகளாக எண்ணியிருக்கிறார். அன்றிலிருந்து யார் 'இலை' என்றாலும், காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் மொட்டு இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். இலைக்கு அடியில் இருக்கும், சிற்றிலைக்கு அடியில் இருக்காது. உங்களிடமும் கேட்கிறேன், பார்த்துவிடுங்கள். பட்டாசுக்காய்ச் செடியில் அந்த இடத்திலிருந்துதான் பூவும் கிளையும் வரும்.

இனி உறுதி செய்துகொள்ளும் வழி. நாளைக் காலை வெயில் ஏறும் முன் ஒரு பூவை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். குழாயின் உள்சுவரில் நான்கு மகரந்தத் தாள்கள் ஒட்டியிருக்கும், இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. லின்னேயஸ் தன் வகைப்பாட்டில் இந்தச் செடியை வைத்தது இந்த 'இரண்டு நெட்டை, இரண்டு குட்டை' கணக்கை வைத்துத்தான். அப்புறம், தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். இளந்தண்டு வட்டமாக இல்லாமல் நாலு பட்டையாகத் தட்டுப்படும், இலை சேரும் கணுக்கள் கொஞ்சம் வீங்கியிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஏதாவது இருந்தால், காய்ந்த இலையின் மேல்புறத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். செல்களுக்குள் இருக்கும் சுண்ணாம்புப் படிவுகள் அவை, இந்தக் குடும்பத்தில் பல செடிகளுக்கு உண்டு.

எல்லாவற்றையும்விட நல்ல சோதனை காய்தான். நன்றாகக் கறுத்துக் காய்ந்த, இன்னும் பிளக்காத காய் ஒன்றைப் பறித்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குல நீளம், நுனி கூராக இருக்கும். பச்சைக்காய் வேண்டாம், அது வெடிக்காது. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விதை கண்ணில் அடித்தால் நன்றாகவே வலிக்கும். இந்தச் செடி வளரும் இடங்களில் எல்லாம் பிள்ளைகள் இதை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து வெடிக்கவிட்டு விளையாடுவார்கள், உங்களுக்கும் ஆசை வந்தால் கையை மட்டும் பயன்படுத்துங்கள். வெடித்ததும் இரண்டு ஓடுகளையும் எடுத்துப் பாருங்கள், உள்பக்கம் கொக்கிகள் வரிசையாக நிற்கும். அவற்றை எண்ணினால் விதைக் கணக்கு கிடைக்கும். இருபதை ஒட்டியோ அதற்கு மேலோ வரும்.

ஒரு எச்சரிக்கை. கிரந்திநாயகம் என்ற பெயரைத் தேடினால் அந்த நோய்க்கு நல்லது, இந்த நோய்க்கு நல்லது என்று நிறையக் கிடைக்கும். நாட்டு மருத்துவத்தில் இதைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் எழுத்தில் படித்த அடையாளத்தை நம்பி எந்தச் செடியையும் வாயில் வைக்கக் கூடாது, அந்த எழுத்து என்னுடையதாக இருந்தாலும்.

வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த செடி, அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து கேளுங்கள். ஒரு பைசா கவனிப்பு இல்லாமல் தினமும் புதுப் பூ தரும், தேனீ வரும், இந்தக் குடும்பத்து இலைகளைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுக்களும் வரும். வறட்சியில் மேல்பாகம் கருகினாலும் கிழங்கில் சேர்த்து வைத்ததைக் கொண்டு மழைக்குப் பிறகு எழுந்துவிடும். ஆனால் ரோஜாத் தொட்டிக்குள் அது இருப்பது சரியில்லை. தொட்டிக்குள் கிழங்குகள் இடத்தை அடைத்துக்கொள்ளும், ரோஜா இளைத்துப்போகும். இழுத்துப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். மண்ணை முதல்நாள் நன்றாக நனைத்து, மறுநாள் ஒரு கரண்டியால் சுற்றிலும் கிளறி, அடிக்கட்டையோடு சேர்த்துக் கிழங்குகளைத் தூக்குங்கள். தனித் தொட்டியில் நட்டால் தயங்காமல் பிடித்துக்கொள்ளும். பரவ வேண்டாம் என்றால் காய் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். கறுத்த பிறகு கிள்ளுவதாக இருந்தால் ஈரக்கையோடு போகாதீர்கள்.

சோதனையில் ஏதாவது மாறி வந்தால் எழுதுங்கள். குறிப்பாக, ஓட்டுக்குள் நான்கே கொக்கிகள் இருந்து, பூவின் கீழ்மடலில் மட்டும் ஊதாப் புள்ளிகளும் கோடுகளும் இருந்தால் அது இதே குடும்பத்தைச் சேர்ந்த அசிஸ்டேசியா என்ற செடியாக இருக்கலாம். அப்படியானால் அந்த வெள்ளை விரல்கள் என்ன என்பதை முதலிலிருந்து யோசிக்க வேண்டும். பதில் எழுதும்போது இலையின் நீள அகலம், கொக்கிகளின் எண்ணிக்கை, தனியாக முகர்ந்தபோது மணம் இருந்ததா என்ற மூன்று தகவல் போதும். நிறத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.